தொண்டன் எனும் நான்

கோர்ட்டில் போட்டுக் காட்டிய படத்தில் காரை ஓட்டி வந்தது ஜெசிந்தாவின் புருஷன் இருதயராஜ்தான். அதே முன்வழுக்கை, அதே அடர்ந்த மீசை, எம்.எல்.ஏ. வண்டி டிரைவருக்கு உரிய வெள்ளைச் சட்டை. கழுத்தில் அவள் வாங்கிப் போட்ட அந்தோணியார் சுரூபம்கூட ஆடியது. கார் செங்கமடை பைபாஸ் வளைவில் வேகம் குறையாமல் திரும்பி, மாசானத்தின் டீக்கடைக்குள் ஏறியது. பாய்லர் ஒரு பக்கம் உருண்டது, மாசானம் ஒரு பக்கம் விழுந்தார். இருதயராஜ் கதவைத் திறந்து இறங்கினான். விழுந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போனான்.

அரசு வக்கீல் படத்தை நிறுத்திவிட்டு, இதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது என்பதுபோல் உட்கார்ந்துகொண்டார். சொல்ல எதுவும் இல்லைதான். தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை அறங்கண் என்ற இயந்திரக் கண்ணைப் பொருத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. மனிதக் கண் மறக்கும், மிரளும், விலைபோகும் என்று சொல்லி சாட்சிக் கூண்டையே கோர்ட்டுகளிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டார்கள். கண் காட்டுவது நடந்தது, கண் காட்டாதது நடக்கவில்லை. நிம்மதியான ஏற்பாடு என்று ஊரே மெச்சிக்கொண்டது, ஜெசிந்தாவும் சேர்ந்துதான். தன் வீட்டு வாசலுக்கு வரும்வரை எந்தச் சட்டமும் நல்ல சட்டமாகத்தானே தெரியும்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங் பிடிக்கிறவன் இல்லை. ஆளில்லாத ரோட்டில்கூட இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முன்னால் சாய்ந்துதான் ஓட்டுவான். மற்ற டிரைவர்கள் அதற்காக அவனைக் கேலி செய்வது ஊருக்கே தெரியும். படத்தில் இருந்தவனோ ஒரு முழங்கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு ஜாலியாக ஓட்டினான். அதைவிட விசித்திரம் அவன் இறங்கி நடந்த விதம். வேட்டியின் நுனியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களின் நடை அது. இருதயராஜ் போட்டிருந்தது பேன்ட்.

அவளுடைய வக்கீல் சம்சுநிஷா இதை நீதிபதியிடம் எடுத்துச் சொன்னார். நீதிபதி படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். அந்த இடது கையில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு, கண் காட்டியதை நடையை வைத்து மறுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லி, தீர்ப்பை அடுத்த வாய்தாவுக்குத் தள்ளி வைத்தார். மோதியதற்கு மட்டும் அல்ல, அடிபட்டவரைப் போட்டுவிட்டு நடந்ததற்கும் சேர்த்துத் தண்டனை உண்டு. ஏழு வருஷத்துக்குக் குறையாது என்று சம்சுநிஷா முன்பே சொல்லியிருந்தார்.

கோர்ட் கேன்டீனில் இரண்டு டீ சொல்லிவிட்டு, வக்கீல் அவளுக்கு விஷயத்தைப் புரிய வைத்தார். உறுப்பினர்களுக்குத் திரை உண்டு என்பது ஜெசிந்தாவுக்கும் தெரியும். எம்.எல்.ஏ. எங்கே இருந்தாலும் கண் அவரைக் காட்டக் கூடாது, அதுதான் திரை. ஆனால் காட்டாமல் இருப்பது வேறு, அவர் செய்ததை இன்னொருத்தர் தலையில் கட்டுவது வேறு அல்லவா என்று அவள் கேட்டாள்.

"ஆரம்பத்துல நல்லதுக்குத்தாம்மா கொண்டுவந்தாவ," என்றார் சம்சுநிஷா. "ஆளுங்கட்சிக்காரன் கண்ணை வச்சுக்கிட்டு, எதிர்க்கட்சி உறுப்பினர் யார் வீட்டுக்குப் போறாரு, யார்கிட்ட பேசுதாருன்னு வேவு பார்க்கக் கூடாதுல்லா? பேரவையில பயமில்லாம பேசணும்ல? அதுக்காக உறுப்பினர் நிக்கிற இடத்தைப் படத்துல கறுப்பா அடிச்சாவ. அப்புறம் பத்திரிகைக்காரங்க அந்தக் கறுப்பைப் பின்தொடர ஆரம்பிச்சுட்டாங்க. கறுப்பு எந்த ஓட்டலுக்குப் போச்சு, எந்த மணல் குவாரியில நின்னுச்சுன்னு. உடனே ஒரு திருத்தம் போட்டாவ. இனி இடம் காலியா இருக்கக் கூடாது, கண்ணே பொருத்தமா ரொப்பிக்கணும்னு."

"ரொப்புறதுன்னா?"

"காரு ஓடுது. ஓட்டுறவரைக் காட்டக் கூடாது. ஆளில்லாம காரு ஓடுமா? பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரு, அவரும் டிரைவர். இயந்திரத்துக்கு அதுதான் பொருத்தம். உன் வீட்டுக்காரரைத் தூக்கி அந்த சீட்ல வச்சுட்டு. அதுக்குப் பகையும் கிடையாது, பாசமும் கிடையாது."

உண்மையான படம் அழிந்துவிடவில்லை, திரைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது என்றும் அவர் சொன்னார். ஆனால் உறுப்பினராக இருந்த காலத்துப் படத்தை அவர் தேர்தலில் தோற்றாலும் திறக்க முடியாது, செத்தாலும் திறக்க முடியாது. டீ ஆறிப்போய் ஏடு படிந்தது. ஜெசிந்தா அதைக் குடிக்கவே இல்லை.

நடந்தது என்ன என்பதை அவள் மாசானத்தின் வாயாலேயே கேட்டிருந்தாள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, ஆனாலும் மனிதர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து அவளிடம் பேசினார். செங்கமடை எம்.எல்.ஏ. கார்மேகம்தான் ஓட்டினார். புதுக் கார், சாயங்கால நேரம், ஏதோ கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வருகிற உற்சாகம். மோதியதும் இறங்கினார், பார்த்தார், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். "ஒன் வீட்டுக்காரருதாம் தாயி, சட்டையக் கழட்டிக் கிழிச்சு என் காலைக் கட்டுனாரு. இல்லாட்டி ரத்தம் வத்தியே செத்திருப்பேன். நா எங்க வேணாலும் வந்து சொல்லுதேன்," என்றார். சொல்ல அவருக்கு வாய் இருந்தது, கேட்கத்தான் எந்தக் கோர்ட்டுக்கும் காது இல்லை. கண் காட்டிய படத்தில் மாசானம் எங்கிருந்தோ வந்த ஒரு வெள்ளைத் துணியால் தன் காலைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷனில் இருதயராஜ் வெறும் பனியனோடு உட்கார்ந்திருந்ததை ஜெசிந்தா தன் கண்ணால் பார்த்திருந்தாள். இன்ஸ்பெக்டரும் பார்த்திருந்தார். படத்தில் சட்டை இருக்கிறதே என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார்.

இதெல்லாம் ஊர் அநியாயம், அழுதாவது ஆற்றிக்கொள்ளலாம். அவளால் தாங்க முடியாதது வீட்டுக்குள் நடந்தது. மகள் ஷைனி ஒன்பதாம் வகுப்பு. அந்தப் படம் அவள் வகுப்பில் எல்லோர் கையிலும் இருந்தது. பிள்ளை முதலில் சண்டை போட்டாள், பிறகு அழுதாள், பிறகு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள். ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா ஏம்மா திரும்பிக்கூடப் பார்க்கல?"

அது பொய்ப் படம் என்று ஜெசிந்தா எத்தனையோ முறை சொல்லியிருந்தாள். மாசானம் தாத்தா சொன்னதையும் சொல்லியிருந்தாள். பிள்ளை சரி சரி என்று தலையாட்டினாள். ஆனால் கண்ணால் பார்த்தது காதால் கேட்டதைவிட ஆழமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. புருஷனுக்கு ஏழு வருஷம் என்றால் எட்டாவது வருஷம் வந்துவிடுவான், மகள் மனசிலிருந்து போனவன் எந்த வருஷம் திரும்புவான் என்று ஜெசிந்தா மருகினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீடு திரும்பிய நேரத்தில் கார்மேகமே வந்தார். கூட வந்தவர்களை வாசலில் நிறுத்திவிட்டு, தனியாக உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆள் ஒன்றும் கதைகளில் வருகிற வில்லன் மாதிரி இருக்க மாட்டார். தொகுதியில் சாவு வீடு தவறாமல் போகிறவர், யாரைப் பார்த்தாலும் பெயர் சொல்லி விசாரிக்கிறவர். சிறையில் இருதயராஜ் சாப்பிடுகிறானா, தூங்குகிறானா என்று விசாரித்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் அவனுக்குத் தண்டனை பாதியாகக் குறையும் என்றார். ஷைனியின் படிப்பு தன் பொறுப்பு என்றார். ஜெசிந்தா போனில் பதிவை ஓடவிட்டு, அதை அலமாரியில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள். வாயைக் கிளறினால் ஏதாவது விழாதா என்ற ஆசைதான்.

"அண்ணாச்சி, ஓட்டினது நீங்க. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவிய சாப்பிட்டாச்சா தூங்கியாச்சான்னு வந்து கேக்குதீங்களே, உங்களுக்குத் தூக்கம் வருதா?"

கார்மேகம் கோபப்படவில்லை.

"ஆரம்பத்துல வரல தங்கச்சி. அப்புறம் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். பதிவுல நான் இல்லையேம்மா. எங்கயுமே இல்ல. பார்க்கப் பார்க்க, நான் அங்க இருந்தேனாங்கிற சந்தேகம் எனக்கே வந்துட்டு. இப்பம் நல்லாத் தூங்குதேன்."

அவர் போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு ஓடிப்போய் போனை எடுத்தாள். அவள் போனும் கண்ணின் வலைக்குள் உள்ள போன்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. படத்தில் நாற்காலி காலியாகச் சுவரோரம் கிடந்தது. அவள் தரையில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். உதடுகள் அருள்நிறை மரியே என்று அழகாக அசைந்தன, குரலும் அவள் குரலேதான். சொல்லாத பொய்யை அவள் வாயில் வைத்திருந்தாலும் பொறுத்திருப்பாள், அவள் சொல்லாத ஜெபத்தை அல்லவா கண் வைத்திருந்தது. அன்று அவளால் ஜெபமாலையைத் தொட முடியவில்லை.

ஆனாலும் வேலைக்குப் போகாமல் அடுப்பு எரியாது. செங்கமடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பது அவள் வேலை. கடைக்கு நேர் எதிரே, கார்மேகத்தின் பிறந்தநாளை முன்னிட்டுக் கட்சிக்காரர்கள் ஒரு ராட்சதத் திரை வைத்திருந்தார்கள். இவரைக் கண் காட்டக் கூடாதே தவிர, பேரவைக்குள் எடுத்த படத்துக்குத் திரை கிடையாது, அது சபையின் சொந்தப் பதிவு. ஆகவே அவர் உறுதிமொழி எடுத்த காட்சியை அந்தத் திரையில் காலையிலிருந்து கடை சாத்தும்வரை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். ஊரில் கார்மேகம் என்றாலே அந்தக் காட்சிதான். தலைவர் ஆதிமூலனாரைப் பார்த்துக் கண்ணீர் விட்டபடி அவர் உறுதிமொழி எடுத்தது அந்த வருஷம் மாநிலமே பேசிய விஷயம்.

கடைப் பெண்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது. சேலை மடிக்கும்போது யாராவது ஒருத்தி குரலைத் தழுதழுக்க வைத்து ஆரம்பிப்பாள், மற்றவர்கள் முடிப்பார்கள். "பேரவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட, ஏழைகளின் விடிவெள்ளி, எங்கள் குலம் காக்கும் தெய்வம், செயல்வீரர் ஆதிமூலனார் அவர்களின் உண்மைத் தொண்டன் எனும் நான்" என்று வரும் இடத்தில் திரையில் மேஜைகளைத் தட்டும் சத்தம் கிளம்பும், கடையில் இவர்கள் கல்லாவைத் தட்டுவார்கள். ஜெசிந்தா இருக்கும்போது மட்டும் அடக்கி வாசித்தார்கள்.

தீர்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு கல்யாண கோஷ்டி முகூர்த்தப் பட்டு எடுக்க வந்தது. கிறிஸ்தவக் கல்யாணம். மாப்பிள்ளைப் பையன், கோயிலில் வாக்குக் கொடுக்கிற வேளையில் என்ன சொல்ல வேண்டும் என்று பயந்துபோய் உளறிக்கொண்டிருக்க, அவன் அக்கா கேலி செய்துகொண்டிருந்தாள். ஜெசிந்தாவுக்குத் தன் கல்யாணம் நினைவுக்கு வந்து, பல நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. பீடத்துக்கு முன்னால் இருதயராஜ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, ஜெசிந்தா ஆகிய உன்னை என்று நேராக அவள் பெயரில் ஆரம்பித்துவிட்டான். சாமியார் கையைத் தூக்கி நிறுத்தினார். யாரய்யா வாக்குக் கொடுக்கிறது, உம்ம பேரு எங்கே, பேர் இல்லாத வாக்கு யாரையும் கட்டாது, முதலில் இருந்து சொல்லும் என்று அதட்டினார். கோயிலே சிரித்தது. கல்யாணமான புதிதில் சண்டை வரும்போதெல்லாம், அன்றைக்கே தப்பித்துப் போயிருக்கலாம் என்று அவன் சொல்லிக் காட்டுவான்.

எதிரே திரையில் மேஜை தட்டும் சத்தம் எழுந்தது. அவள் கையில் விரித்திருந்த பட்டுச் சேலை அப்படியே நின்றது. உண்மைத் தொண்டன் எனும் நான்.

யார் அந்த நான்?

அடுத்த சுற்று வரும்வரை அவள் வாசலில் போய் நின்றாள். வெயில் உச்சியில் அடித்தது. கார்மேகம் மறுபடி வந்தார், அழுதார், தலைவரின் பட்டங்களை அடுக்கினார், தொண்டன் என்றார், உறுதிமொழியை முடித்தார், எல்லோரையும் கும்பிட்டார். தன் பெயரை அவர் எந்த இடத்திலும் சொல்லவில்லை. மறுபடி ஒரு சுற்று பார்த்தாள். இல்லை. மாநிலமே பார்த்த காட்சி, சபாநாயகர் பார்த்த காட்சி, அவள் காதில் ஒரு மாதமாக விழுந்துகொண்டே இருந்த காட்சி. பெயருக்கு உரிய இடத்தில் கைதட்டல் மட்டும்தான் இருந்தது.

சாமியார் அதட்டிய கதையோடு சேர்த்து இதைப் போனில் சொன்னதும் மறுமுனையில் சம்சுநிஷாவின் சிரிப்புக் கேட்டது.

"நானும் டி.வி.யில பார்த்தேம்மா. தலையில அடிச்சுக்கிட்டேன், சேனலை மாத்திட்டேன். அந்தச் சாமியார் இப்பம் எங்க இருக்காரு? அவருக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிக் குடுக்கணும்."

தீர்ப்பு நாளில் ஜெசிந்தா மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். ஷைனி வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். அப்பா முகத்தைப் பார்க்க முடியாது என்றாள். வந்து என் பக்கத்தில் உட்கார், அதுபோதும் என்று ஜெசிந்தா கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஜெயித்தால் பிள்ளை பார்க்க வேண்டும். தோற்றால் என்ன செய்வது என்று அவள் யோசித்து வைத்திருக்கவில்லை.

சம்சுநிஷா எழுந்து, உறுப்பினருக்குத் திரை உண்டு என்பதைத் தான் எதிர்க்கவில்லை என்று ஆரம்பித்தார். உறுதிமொழி எடுத்த உறுப்பினருக்குத்தான் திரை என்று சட்டம் சொல்கிறது. கார்மேகம் உறுதிமொழி எடுத்தாரா என்று கண்ணிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். பேரவைக்குள் நடந்ததைக் கோர்ட் விசாரிக்கக் கூடாது, மேதகு சபாநாயகரே ஏற்றுக்கொண்டதைக் கேள்வி கேட்பது சபையையே அவமதிப்பது என்றார். சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னதிலும் வலு இருந்தது. ஜெசிந்தா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழைய காலத்து வக்கீலாக இருந்து சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்து பெயர் எடுத்தவர், இப்போது படம் பார்த்துத் தண்டனை எழுதுவதே வேலை என்று ஆகிவிட்டவர். எனக்கு முன்னால் ஒரே ஒரு சாட்சிதான் இருக்கிறது, அந்தச் சாட்சியிடம் ஒரு கேள்வி கேட்க எனக்கு உரிமை இல்லையென்றால் இந்த நாற்காலி எதற்கு என்று அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்டார். பிறகு, கேட்டதற்குப் பதில் சொல்கிற கோர்ட் சுவர்க் கண்ணின் பக்கம் திரும்பி, செங்கமடைத் தொகுதியின் கார்மேகம் பேரவையில் உறுதிமொழி எடுத்திருக்கிறாரா என்று தெளிவாகக் கேட்டார்.

கண் பேசுவதற்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

"கார்மேகம் என்ற பெயரில் உறுதிமொழி எதுவும் பதிவாகவில்லை. அவரது இருக்கையில் நின்று தொண்டன் என்று தன்னைக் குறிப்பிட்ட ஒருவர் உறுதிமொழி எடுத்துள்ளார். தொண்டன் என்ற பெயரில் எந்த வேட்பாளரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை."

"அப்படியானால் இத்தனை நாள் அவருக்கு எப்படித் திரை போட்டாய்?"

"பேரவை அலுவலகம் பெயர்ப் பட்டியல் தந்தது. உறுதிமொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டீர்கள். நிபந்தனை பொருந்தாததால் திரை விலகுகிறது."

யாரும் போடச் சொல்லாமலே படம் ஓட ஆரம்பித்தது. அதே வளைவு, அதே கார். ஓட்டுநர் இருக்கையில் கார்மேகம், முழங்கையை ஜன்னலில் போட்டபடி. பக்கத்து இருக்கையில் இருதயராஜ், முன்னால் சாய்ந்து, ஸ்டீயரிங்கை எட்டிப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டி எதையோ கத்திக்கொண்டிருந்தான். மோதல். கார்மேகம் இறங்கினார், வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தார், நடந்து போனார். மறுபக்கத்துக் கதவு திறந்தது. இருதயராஜ் விழுந்தடித்து ஓடி வந்து மண்டியிட்டான். சட்டையைக் கழற்றினான், பல்லால் கடித்துக் கிழித்தான், மாசானத்தின் காலைச் சுற்றிக் கட்டினான். கட்டிவிட்டு அவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டான். ஆம்புலன்ஸ் வருகிறவரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.

பார்க்க வேண்டியதைப் பார்த்தாயிற்று, நீதிபதி படத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஜெசிந்தா திரையைப் பார்க்கவே இல்லை, அவளுக்கு அது தெரிந்த கதை. மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஷைனி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணீர் விரலிடுக்கில் ஒழுக, இமைக்காமல் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கணத்தில் ஜெசிந்தாவுக்கு மாதக்கணக்கில் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. தீர்ப்பை நீதிபதி வாசித்தபோது அவளுக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் கார்மேகம் ஒரு குடிநீர்த் தொட்டியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பாதுகாப்பாக நின்ற போலீஸ்காரரே வணக்கம் சொல்லிவிட்டுக் கையைப் பிடித்தார். அது மட்டும் இல்லை. திரை ஒரு படத்திலிருந்து மட்டும் விலகவில்லை, பதவி ஏற்ற நாளிலிருந்து அவர் போன இடம், வந்த இடம், கைகுலுக்கிய ஆள் எல்லாவற்றிலிருந்தும் விலகியது. செங்கமடையில் அன்று மத்தியானம் யாரும் வேலை பார்க்கவில்லை. இரண்டு குவாரி முதலாளிகளும் ஒரு தாசில்தாரும் சொல்லிக்கொள்ளாமல் ஊரை விட்டுக் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஜெசிந்தா போனை எடுத்து அந்த ஞாயிற்றுக்கிழமைப் பதிவைப் போட்டாள். காலி நாற்காலியில் இப்போது கார்மேகம் உட்கார்ந்திருந்தார். முழங்காலிட்டிருந்த ஜெசிந்தா மறைந்து, நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கிற ஜெசிந்தா வந்திருந்தாள். தன் குரலில் தன் வார்த்தைகளைக் கேட்டபோது அவளுக்கு அழுகை வந்தது. அழுது முடித்துவிட்டு முகம் கழுவி, ஜெபமாலையை எடுத்துத் தானே சொன்னாள்.

தலைநகரில் நடந்த கூத்துதான் பெரிது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் அத்தனைபேரும் தங்கள் உறுதிமொழிப் படத்தைத் தேடி அடித்துப் பிடித்து ஓடினார்கள். பாதிப்பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். கார்மேகத்துக்குக் கிடைத்த கைதட்டலைப் பார்த்துப் பொறாமைப்பட்டு, பின்னால் வந்தவர்கள் ஒருவரை ஒருவர் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் விசுவாசி, இன்னொருவர் வேலைக்காரன், ஒருவர் காலடித் தூசி என்றே உறுதிமொழி எடுத்திருந்தார். எதிர்க்கட்சியாலும் சிரிக்க முடியவில்லை, அவர்கள் பக்கமும் தூசி நிறைய இருந்தது. திரைகள் மளமளவென்று விழுந்தன.

ஆளுங்கட்சி மேடைகளில் முழங்குகிறவர்களில் சுத்தமாகத் தன் பெயரைச் சொல்லி உறுதிமொழி எடுத்தவர் ஒரே ஒருவர்தான் என்று சம்சுநிஷா சொன்னார். தலைவர் ஆதிமூலனார். அவர் வேறு யார் பெயரைச் சொல்வார்? அவருடைய திரை ஓட்டை இல்லாமல் அப்படியே தொங்குகிறது. அதற்கு வேறொரு வழி பார்க்க வேண்டும், பார்ப்போம் என்று வக்கீல் சொன்னபோது, தேர்தலுக்குச் சீட்டுக் கேட்கிறவர்கள் முகத்தில் தெரிகிற ஒரு ஆர்வம் அவர் முகத்தில் தெரிந்தது. ஜெசிந்தாவுக்கு அதையெல்லாம் யோசிக்க நேரம் இல்லை. விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஜில்லா சிறையின் வாசலில் இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் அவளும் ஷைனியும் நின்றார்கள். மாசானம் ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாய் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் இருதயராஜ் தெரிந்தான், இளைத்துப்போய், யாரோ கொடுத்த தொளதொள சட்டையில். வெளியே வருகிறவன் தன் வாயால் பெயரைச் சொன்னால்தான் அந்தக் கதவு திறக்கும். கதவில் இருந்த கண், பெயரைச் சொல்லவும் என்றது.

இருதயராஜ் மகளைப் பார்த்தான். ஷைனி கம்பிக்குள் கையை விட்டு, அவன் சட்டை நுனியை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஷைனியோட அப்பா," என்றான். "ஜெசிந்தா வீட்டுக்காரன்."

பெயர் பதிவாகவில்லை, மீண்டும் சொல்லவும் என்றது கண். கதவு அசையவில்லை. மாசானம் பொக்கை வாயைத் திறந்து சிரித்தார், காவலுக்கு நின்றவரும் சிரித்தார். ஜெசிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்குப் பீடத்தின் முன்னால் சாமியார் அதட்டினாரே, அதே குரலில் அதட்டினாள்.

"உங்க பேரு எங்க? முதல்ல இருந்து சொல்லுங்க."

இருதயராஜ் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, முன்னால் சாய்ந்து, முதலிலிருந்து சொன்னான்.